ஊசியக்கா இங்கிலீஷ் பேசிய செவ்வாய்க்கிழமை

எங்கள் லேபில் ரத்தம் எடுக்க இரண்டு நாற்காலிகள் உண்டு. முதல் நாற்காலி ஊசியக்காவுடையது. பத்தொன்பது வருஷமாக அவள் ராஜ்யம் அது. யாராவது தெரியாமல் அதில் கைப்பையை வைத்துவிட்டால் வாயைத் திறக்க மாட்டாள். பையை இரண்டு விரலால் தூக்கிக் கீழே வைப்பாள், அவ்வளவுதான். பைக்குச் சொந்தக்காரர் அடுத்த முறை வரும்போது அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கவே யோசிப்பார்.

நான் முன்பக்கம் கவுண்டரில் உட்கார்ந்து பெயர் பதிந்து டோக்கன் கொடுக்கிறவள். எனக்கும் ரத்தம் எடுக்கிற அறைக்கும் நடுவில் பாதி உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தடுப்புதான். அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் தெரியும், பேசுவதெல்லாம் கேட்கும். அக்கா வீட்டுச் சமையலறையில் நடந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நானே பார்த்தது. சமையலறை விஷயத்தை அக்காவே தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்.

அக்கா ஊசி போட்டால் வலிக்காது என்று பெயர். அந்தப் பெயருக்காகவே மூன்று பஸ் மாறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். ரகசியம் கையில் இல்லை, வாயில்தான். ரப்பர் பட்டியைக் கட்டுவாள், நரம்பைத் தடவிப் பார்ப்பாள், பஞ்சால் துடைப்பாள், அப்புறம் பேச்சுக் கொடுப்பாள். "இந்தச் சட்ட எங்க எடுத்தீங்க, கலர் எடுப்பா இருக்கே" என்பாள். "மூத்த பொண்ணு இப்ப எங்க இருக்கு?" என்பாள். அவர் பதில் சொல்ல வாயைத் திறக்கிற நொடியில் ஊசி உள்ளே போயிருக்கும். பதில் முடிவதற்குள் டியூப் நிறைந்துவிடும். பதிலை அக்கா கேட்கவே மாட்டாள், அவள் காது அந்த நேரத்தில் வேலை செய்யாது. எங்களுக்குக் குழந்தையே இல்லைங்க என்று ஒருவர் சொன்னதற்கு, "ரொம்ப சந்தோஷம், கேட்டதா சொல்லுங்க" என்று பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லி அனுப்பினாள். அவர் என் கவுண்டருக்கு வந்து கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த வித்தை தமிழில்தான் செல்லும். தமிழ் தெரியாதவர் வந்து உட்கார்ந்தால் அக்காவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "சிட்", "ஹேண்ட்", "ஃபினிஷ்", இந்த மூன்றோடு சரி. அவர்கள் ஊசியையே வெறித்துப் பார்ப்பார்கள், நெளிவார்கள், சில பேர் மயக்கம்கூடப் போடுவார்கள். அன்றெல்லாம் அக்கா சிடுசிடுவென்று இருப்பாள். நாங்கள் யாரும் கிட்டேயே போக மாட்டோம்.

நெளியாதவர் ஒருவர்தான். அவரை நாங்கள் செவ்வாய்க்கிழமை என்போம். பெயர் இல்லாமல் இல்லை, டியூபில் ஒட்டுகிற தாளில் வாராவாரம் அதை அடிக்கிறவளே நான்தான். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை, டாணென்று எட்டு மணிக்கு வருவார், அதனால் அந்தப் பெயர். எழுபதைத் தாண்டியவர். இதய ஆபரேஷன் ஆகி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். மாத்திரை கூடிப் போச்சா குறைந்து போச்சா என்று வாராவாரம் ரத்தத்தைப் பார்த்தாக வேண்டும். தமிழ் சுத்தமாகத் தெரியாது.

கூடவே அவர் மனைவி வருவார். தண்ணீர் கேனுக்குப் பக்கத்து நாற்காலியில், பழுப்பு நிறப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். செவ்வாய்க்கிழமை தன் வாட்சைக் கழற்றி அந்த அம்மாள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போவார். அந்த அம்மாள் அதை உள்ளங்கையில் மூடி வைத்திருப்பார். அவர் திரும்பி வந்ததும், பஞ்சு ஒட்டிய கையைத் தவிர்த்துவிட்டு மற்ற கையில் தானே கட்டிவிடுவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா இதைப் பார்த்துக்கொண்டே அடுத்த டோக்கனைக் கூப்பிடுவாள்.

அவர் நரம்பு ஒளிந்து விளையாடுகிற நரம்பு. வேறு ஒரு இடத்தில் மூன்று பேர் மாற்றி மாற்றிக் குத்தி, முழங்கையே நீலமாகி, கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்தார். அக்கா கண்ணை மூடித் தடவி ஒரே குத்தில் எடுத்தாள். அன்றிலிருந்து இரண்டு வருஷம், வேறு யாரிடமும் அவர் கையை நீட்டவில்லை. அவர் "தேங்க்யூ" என்பார், அக்கா தலையை ஆட்டுவாள். இருவருக்கும் நடந்த பேச்சு வார்த்தை மொத்தமே இவ்வளவுதான். ஆனாலும் அக்கா, "அவரு கைய எனக்கு என் வீட்டுக்காரர் கையவிட நல்லாத் தெரியும்" என்று மார்தட்டிக்கொள்வாள்.

இந்த வருஷ ஆரம்பத்தில் இரண்டாவது நாற்காலிக்கு ஒரு புதுப்பெண் வந்தாள். அதுவரை அதன்மேல் அட்டைப்பெட்டிகள்தான் உட்கார்ந்திருந்தன. அவள் யாரைப் பார்த்தாலும் "ஹலோ, குட் மார்னிங்" என்று ஆரம்பிப்பாள். முன்பின் தெரியாதவரிடம் எப்படித்தான் பேச்சு வருமோ, ரோட்டில் பள்ளம் தோண்டியிருப்பது, லிஃப்ட் நின்றுபோனது, காலையில் பெய்த தூறல் என்று எதையாவது பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் சரளமாகப் போவாள். அக்கா அவளுக்கு வைத்த பெயர் ஹலோ. முகத்துக்கு நேரே "வாம்மா", முதுகுக்குப் பின்னால் "ஹலோ எங்க?"

அதே சமயத்தில் செவ்வாய்க்கிழமை மூன்று வாரம் வரவில்லை. நான்காவது வாரம் வந்தார், தனியாக. அக்காவின் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அக்கா பட்டியைக் கையில் எடுத்துவிட்டாள். அவர் உள்ளே நுழைந்து, ஒரு நிமிஷம் நின்று, நேராக இரண்டாவது நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். "ஹலோ சார், குட் மார்னிங்" என்றாள் அவள்.

அக்கா பட்டியைத் தன் விரலிலேயே சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். விரல் நுனி சிவந்தது எனக்குத் தெரிந்தது. நான் அடுத்த டோக்கனை அவசரமாக உள்ளே அனுப்பினேன்.

அன்றையும் சேர்த்து அடுத்தடுத்து ஆறு செவ்வாய்க்கிழமை. ஆறிலும் இரண்டாவது நாற்காலிதான். அக்காவுக்கு வயிறு எரிந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை. புதுப்பெண்ணின் தட்டில் தொய்ந்துபோன பட்டியாகப் பார்த்து வைத்தாள். நல்ல பஞ்சு உருண்டையைத் தன் அலமாரிக்குள் பூட்டினாள். அவர்கள் பேசுவதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள், எத்தனை நிமிஷம் என்று சுவர்க் கடிகாரத்தில் கணக்கு வைத்தாள். ஒரு வாரம், பில் வாங்க அவர் என் கவுண்டரில் நின்றபோது பின்னாலேயே வந்து, முழங்கையில் நீலம் கட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். கட்டவில்லை. அக்கா முகம் அப்படியே சுருங்கிப்போனது. ஒரு மனுஷனுக்குக் காயம் படவில்லையே என்று இன்னொரு மனுஷி வருத்தப்பட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஊசி போடறதுக்கு வந்திருக்காளா, உபன்யாசம் பண்ண வந்திருக்காளா?" என்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"நல்லாத்தானேக்கா எடுக்கறா."

"எடுக்கறா எடுக்கறா. இந்தக் கைய நான் ரெண்டு வருஷம் பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். நரம்பு இன்னும் உருப்படியா இருக்குன்னா யாரால? இவ வந்து வாயாலயே வாங்கிட்டுப் போயிட்டா."

டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கம் நகர்ந்து, குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஒரு வரி இங்கிலீஷ்ல எழுதிக் குடு" என்றாள்.

"என்ன வரி?"

அதை அவள் யோசித்தே வைத்திருந்தாள். "தூறலு ரோடுன்னு உப்புச் சப்பில்லாததெல்லாம் அவ கேக்கட்டும். அவருக்குன்னு ஒண்ணு நான் கேக்கணும். அந்தம்மா இப்ப வர்றதில்ல பாத்தியா? வாட்ச்சச் சட்டைப் பையில போட்டுக்கறாரு. இது அவளுக்குத் தெரியுமா? அவ அந்தம்மாவப் பாத்ததே இல்ல. எனக்குத்தான் தெரியும். அதக் கேட்டா மனுஷன் ஆடிப்போயிடுவாரு."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மூட்டு வலியாக இருக்கும், பிள்ளை வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேனே தவிர, வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. டோக்கன் தாளின் பின்பக்கம் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஹவ் இஸ் யுவர் வைஃப், நாட் கமிங் நவ்? அவர் ஏதாவது சொன்னால் என்ன சொல்வது என்று கேட்டாள். அதையும் எழுதினேன். வெரி குட், டெல் ஹர் ஐ ஆஸ்க்ட். அந்தத் தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். இன்றைக்கு வரைக்கும் அந்த இரண்டாவது வரி என் கையெழுத்துதான் என்பதை நான் மறக்கவில்லை.

ஒரு வாரம் பாடம் நடந்தது. பஸ்ஸில் முணுமுணுத்தாள், டியூபைக் குலுக்கும்போது முணுமுணுத்தாள். ராத்திரி சாதம் வடித்துக்கொண்டே உரக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் டயர்க் கடையில் வேலை செய்கிறவர், கை கழுவிக்கொண்டே, "அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. சத்தம்தான் ஜாஸ்தி" என்றாராம். இதைச் சொல்லும்போது அக்காவே சிரித்துவிட்டாள். பல நாளுக்கப்புறம் அவள் சிரித்து நான் பார்த்தேன்.

ஆனால் அவர் இரண்டாவது நாற்காலியிலேயே உட்கார்ந்தால் எப்படிக் கேட்பது? அதற்கும் அக்காவிடம் வழி இருந்தது. வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வருகிற வேலை எங்களுக்கு உண்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ஒரு வீட்டுக்குப் புதுப்பெண்ணை அனுப்பச் சொன்னாள். அந்த வீட்டுக்காரர்கள் பத்து மணிக்குத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். நான் போன் பண்ணி மாற்றினேன். ஏன் செய்தாய் என்று கேட்டால் அக்கா கேட்டாள், அதனால் செய்தேன் என்பதுதான் பதில். இன்னொன்றும் உண்டு. அந்தப் புதுப்பெண் இங்கிலீஷில் வழுக்கிக்கொண்டு போகிறபோதெல்லாம் எனக்கும் உள்ளே லேசாகக் கரித்தது. நான் எழுதுவேன், படிப்பேன், ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷில் அடிப்பேன். எதிரே ஒரு ஆள் நின்றால் "கேஷ் ஆர் கார்ட்" என்பதைத் தாண்டி எனக்கும் வராது.

எட்டு மணிக்குச் செவ்வாய்க்கிழமை வந்தார். இரண்டாவது நாற்காலிப் பக்கம் ஆள் இல்லை. திரும்பிப் போகலாமா என்பதுபோல் வாசலைப் பார்த்தார். அக்கா தன் நாற்காலியைக் கையுறை போட்ட கையால் தட்டிக் காட்டினாள். "சிட்." அவர் உட்கார்ந்தார். வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பட்டி கட்டினாள். தடவினாள். துடைத்தாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

"சார்."

"யெஸ்?"

"ஹவ் இஸ் யுவர் வைஃப்? நாட் கமிங் நவ்?"

ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் குரலில் ஒரு முழு வாக்கியம். பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்த நொடியில், பத்தொன்பது வருஷப் பழக்கம், ஊசி உள்ளே போனது.

"மை வைஃப் இஸ் டெட்" என்றார் அவர். அவளுக்குப் புரிய வேண்டும் என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

கை அசையவே இல்லை. அவர் கண் மட்டும் கண்ணாடித் தடுப்பைத் தாண்டி, தண்ணீர் கேனுக்குப் பக்கத்து நாற்காலிக்குப் போனது. டியூப் நிறைந்துகொண்டிருந்தது.

"வெரி குட்" என்றாள் அக்கா. "டெல் ஹர்..."

அங்கேதான் அவர் சொன்னது அவளுக்கு உறைத்தது. டியூபைக் கழற்றினாள், பஞ்சை வைத்தாள், எல்லாம் கை தானாகச் செய்தது. வாய் திறந்தபடியே இருந்தது. அவளுக்குத் தெரிந்த மூன்று வார்த்தைகளில் ஒன்றான "ஃபினிஷ்" என்பதைக்கூட அவளால் சொல்ல முடியவில்லை. அவர் எழுந்து, எப்போதும் போலத் தலையை லேசாகச் சாய்த்து, "தேங்க்யூ" என்றார். என் கவுண்டரில் பில் வாங்கிக்கொண்டு போனார். நான் "கேஷ் ஆர் கார்ட்" என்றுகூடக் கேட்கவில்லை.

ஒன்பதரைக்குப் புதுப்பெண் வந்தபோது அக்கா ஸ்டோர் ரூமில் கையுறைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று அக்கா கேட்டாள்.

"தெரியும்க்கா. முதல் நாளே சொன்னாரு. கூட யாராச்சும் வந்திருக்காங்களா சார்னு எல்லாரையும் கேக்கற மாதிரிதான் கேட்டேன். சொல்லிட்டாரு."

"ஆறு வாரமா தெரியும். ஒரு வார்த்த சொன்னியா?"

"யார்கிட்டயும் சொல்ல வேணாம்னாரு. நீ பேசிட்டே இரும்மா, மழ, ரோடு, எதயாச்சும் பேசுன்னாரு. உங்க நாற்காலில உக்காந்தா அந்தம்மா உக்காருற இடம் நேரா தெரியுதாம். என் நாற்காலி செவத்தப் பாத்து இருக்கில்ல, அதனாலதான்க்கா இங்க வர்றாரு. எனக்காக ஒண்ணும் இல்ல."

நான் எதிர்பார்த்தது, அக்கா அந்தப் பெண்ணிடம் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று. அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டு வருஷம் கையப் புடிச்சவ நான்" என்றாள். "அந்தம்மாவப் பாத்தவ நான். வந்து ஒரு மாசம் ஆகாத உங்கிட்ட முதல்ல சொல்லியிருக்காரு." அழுததே அதற்காகத்தான் என்பதுபோல் மறுபடி அழுதாள். செத்துப்போனவருக்காகவும் அழுதாள், அது எனக்குத் தெரியும். இரண்டையும் பிரித்துப் பார்க்க அவளாலேயே முடிந்திருக்காது.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் ஷட்டரைத் தூக்கும்போதே அக்கா வாசலில் நின்றிருந்தாள். உள்ளே போனதும் தன் தட்டு, தன் பட்டி, பூட்டி வைத்திருந்த நல்ல பஞ்சு, எல்லாவற்றையும் எடுத்து இரண்டாவது நாற்காலிப் பக்கம் வைத்தாள். புதுப்பெண் வந்து முழித்தாள்.

"செவ்வாக்கெழம செவ்வாக்கெழம நீ அங்க" என்று முதல் நாற்காலியைக் காட்டினாள் அக்கா. "அதுக்காகப் பட்டா போட்டுக்காத."

பையைக்கூட வைக்க விடாத நாற்காலி. அந்தப் பெண் அதன் பக்கத்தில் போய்ப் பயந்துபோய் நின்றாள்.

எட்டு மணிக்கு அவர் வந்தார். இருவரும் இடம் மாறி நிற்பதைப் பார்த்தார், சுவரைப் பார்த்த நாற்காலியைப் பார்த்தார். வந்து அதில் உட்கார்ந்து வாட்சைக் கழற்றினார். சட்டைப் பைக்குப் போகிற கைக்கு முன்னால் அக்கா தன் கையை நீட்டினாள். அவர் தயங்கினார். பிறகு கொடுத்தார். அக்கா அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

பட்டி கட்டினாள், தடவினாள், துடைத்தாள். இந்த முறை நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. "சார்" என்றாள். "வாட் ஹேப்பன்ட்?"

அவர் வாயைத் திறந்தார். நான் அக்காவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி இருந்த இடத்திலேயே இருந்தது.

அவர் பேச ஆரம்பித்தார். அக்கா ஊசியைத் தட்டில் வைத்தாள். பட்டியை நெடுநேரம் இறுக்கி வைக்கக்கூடாது, அதை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார். இங்கே பதினான்கு டோக்கன் காத்திருந்தது. ஒருவர் என்ன இவ்வளவு நேரம் என்று முறைத்தார். நரம்பு கிடைக்கவில்லை சார், உட்காருங்கள் என்றேன். அக்காவைப் பற்றி இப்படி ஒரு பொய்யை நான் சொல்வேன் என்று நினைத்ததே இல்லை.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அவர் முடித்தார். அக்கா எழுந்து மறுபடி பட்டி கட்டி, "நவ்?" என்றாள். அவர் தலையசைத்தார். யாரும் பேசவில்லை, ஊசி போனது. அவர் முகம் சுளித்தார். அக்கா குத்தி அவருக்கு வலித்தது அன்றைக்குத்தான்.

வாட்சைத் திருப்பிக் கொடுத்தாள். அவரே கட்டிக்கொண்டு, "தேங்க்யூ" என்று போனார்.

முதல் நாற்காலிப் பக்கத்திலிருந்து புதுப்பெண் மெல்லக் கேட்டாள். "என்னக்கா சொன்னாரு?"

அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த பெருமையை நான் மறைக்க விரும்பவில்லை, ஆறு வாரத்துக் கணக்கு அதில் தீர்ந்தது.

"அதெல்லாம் எங்களுக்குள்ள" என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் மட்டும், பாதிக்கு மேல் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டாள். புரிந்த பாதி என்ன என்று கேட்டேன். அதையும் அவள் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக அவர் பெயரை அடித்தவள் நான், எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.